ஏற்காட்டில் நாம் காணாமல் திரும்பும் இருவர்

சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நமக்கு மலைப்பயணம் இரண்டு வகை. கொல்லிமலைக்குச் சென்றால் இலக்கியம். ஏற்காட்டுக்குச் சென்றால் படகுச் சவாரி. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடப்பதற்குள் பேருந்திலிருக்கும் தமிழ் மாணவர் எவரேனும் வல்வில் ஓரியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார். செம்மேட்டில் ஓரியின் சிலை, அப்பால் அறப்பளீசுவரர் கோயில், அதற்கும் கீழே ஆகாய கங்கை என்று சங்க காலமும் சைவமும் அருவியும் ஒரே நாளில் வசப்பட்டுவிடும். ஏற்காட்டுக்கு அத்தகைய பெருமை எதையும் நாம் வழங்கியதில்லை. இருபது வளைவுகள் ஏறினால் ஏரி, சீமாட்டி இருக்கை, பகோடா முனை, கிள்ளியூர் அருவி, வழியில் ஒரு காப்பி, மிளகு வாங்கிக்கொண்டு இருட்டுமுன் இறக்கம். கல்லூரிச் சுற்றுலா என்ற பெயரில் பல்லாண்டுகள் நாமும் இதையே செய்து வந்தோம்.

ஆங்கிலேயர் இம்மலையைத் தம் நாட்டு நாட்டுப்புறத்தின் சாயலில் அமைத்துக்கொண்டனர் என்பது பலரும் அறிந்ததே. 1820களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் இங்கே காப்பிப் பயிரைக் கொணர்ந்தார். தோட்டங்கள் பெருகின, ஓட்டுக்கூரைப் பங்களாக்கள் எழுந்தன, தேவாலயமும் கான்வென்ட்டும் வந்தன, 1917இல் மான்ஃபோர்ட் பள்ளி தோன்றியது. இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் பகுதிக்குச் சுற்றுலா செல்வோர் காண விரும்பும் கல் வீடுகளையும், கொடி படர்ந்த சுவர்களையும், சிற்றூர்த் தேவாலயத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தையும், வெயில் உறைக்காத நடைபாதைகளையும் சற்று மாற்றுக் குறைவாக இங்கே உருவாக்க முயன்றனர் எனலாம். இந்த ஒப்பீடு வெறும் உவமையன்று. காட்ஸ்வோல்ட்ஸ் மலைச்சாரலின் வாயிலாகக் கருதப்படும் செல்ட்டன்ஹம் நகரில் 1834ஆம் ஆண்டு பிறந்த ஒருவர், தம் முதுமைக்கால இல்லத்தை ஏற்காட்டில் அமைத்துக்கொண்டார். அவ்வீட்டின் பெயர் 'ஐவி காட்டேஜ்'. அவர் பெயர் ராபர்ட் புரூஸ் ஃபூட்.

இப்பெயரைத் தொல்லியல் மாணவர் அறிவர். தமிழ் மாணவர் அறிந்திருக்க வேண்டியவர் அவருடைய மாமனார். அந்த மாமனாரும் இம்மலையிலேயே 1882ஆம் ஆண்டு காலமானார். பீட்டர் பெர்சிவல் என்றால் சிலருக்கு நினைவு வரக்கூடும். ஆறுமுக நாவலரின் பெயரைச் சேர்த்துச் சொன்னால் பலருக்கும் வரும்.

1803இல் பிறந்த பெர்சிவல், வெஸ்லியன் சபையின் ஊழியராக இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்தில் நிலைகொண்டவர். இன்று யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி என வழங்கும் பள்ளியும் வேம்படி மகளிர் பள்ளியும் அவர் காலத்து முயற்சிகளோடு தொடர்புடையவை. அப்பள்ளியில் படித்து அங்கேயே ஆசிரியராகவும் அமர்ந்த இளைஞர்தான் நல்லூர் ஆறுமுகம். விவிலியத்தைத் தமிழாக்கும் பணியில் பெர்சிவலுக்குத் துணையாக இருந்தவர் அவரே. துணை என்ற சொல்லை இங்கே சற்றுத் தயக்கத்தோடுதான் எழுதுகிறோம். மூலத்தின் பொருளை ஒருவர் அறிவார். தமிழ் வாக்கியத்தின் எலும்பையும் நரம்பையும் மற்றவர் அறிவார். இவ்விருவருள் எவரை மொழிபெயர்ப்பாளர் என்பது? அட்டையில் எவர் பெயர் நின்றாலும், அந்நடையில் நாவலரின் கையைக் காணாதிருக்க இயலாது என்பதே நம் கருத்து. மொழிபெயர்ப்பைச் சென்னைக்குக் கொண்டுவந்து மகாலிங்கையரிடம் காட்டி ஒப்புதல் பெற்றனர் என்று நாவலர் வரலாறு கூறும் மரபும் உண்டு. சைவர் ஒருவர் திருத்தி, சைவப் புலவர் ஒருவர் பார்வையிட்ட கிறித்தவ வேதம் அது.

1850இல் வெளிவந்த அப்பதிப்பு நிலைபெறவில்லை. தமிழகத்துச் சபையார்க்குப் பழகிய நடை வேறாக இருந்தது; 1871இல் வந்த பௌவரின் திருத்தப் பதிப்பே பிற்காலத்தில் வழக்கூன்றியது. ஆனால் அம்மொழிபெயர்ப்பு மேசையில் இருவரும் அமர்ந்திருந்த ஆண்டுகள் வீண் போகவில்லை. 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய நாவலர், மிஷன் பள்ளியில் கண்ட வகுப்பு முறையையும் அச்சுப் புத்தகத்தையும் பிரசங்கத்தையும் சைவத்தின் பக்கம் திருப்பினார். எதிரணியின் படைக்கலங்களை அவ்வளவு அண்மையில் இருந்து கற்றவர் வேறெவரும் அன்று இலர். பெர்சிவல் அதை எவ்வாறு ஏற்றுக்கொண்டிருப்பார் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. அவரும் பின்னர் வெஸ்லியன் சபையை விட்டு ஆங்கிலிக்கன் சபைக்கு மாறி, சென்னையில் மாநிலக் கல்லூரிப் பேராசிரியரானார்.

சென்னை வாழ்வில் அவர் செய்தவற்றுள் இரண்டு நமக்கு முக்கியமானவை. ஒன்று, 1855இல் தொடங்கிய 'தினவர்த்தமானி' என்னும் வார இதழ் (பெயரில் தினம் இருப்பினும் வெளிவந்தது வாரந்தோறும்தான்). அவ்விதழுக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வரவழைக்கப்பட்டவர் சி.வை. தாமோதரம்பிள்ளை. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவருள் ஒருவராகித் தேறியவரும், பின்னாளில் தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்கு மீட்டவரும் இவரே. அந்த அழைப்பு செல்லாதிருந்தால் நம் பதிப்பு வரலாறு எத்திசையில் சென்றிருக்கும்? விடை கூற இயலாத வினாதான். ஆயினும் வகுப்பில் கேட்கத் தக்க வினா. மற்றொன்று பழமொழித் தொகுப்பு. யாழ்ப்பாணத்தில் 1842இல் சிறிதாக வெளியிட்ட தொகுப்பை விரித்து, ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை ஆங்கில ஆக்கத்தோடு 1870களில் அச்சிட்டார். தெருவிலும் களத்திலும் வழங்கியவற்றை இலக்கியம் அன்று என ஒதுக்காமல் எண்ணிட்டுத் தொகுத்த அந்த உழைப்புக்கு நாம் உரிய நன்றி செலுத்தவில்லை.

மருமகனின் துறை வேறு. 1858இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்த ஃபூட், 1863 மே 30ஆம் நாள் பல்லாவரத்தில் செம்புரைச் சரளைக் குழி ஒன்றில் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தொடக்கமாகக் கொள்ளப்படும் நாள் அதுவே. அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கத்தையும் கண்டறிந்தார். அங்கே பின்னர் நிகழ்ந்த அகழாய்வுகளைக் கொண்டு, ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட கருவிகள் அவை என 2011இல் அறிவித்தனர். சேலம் மாவட்டமும் ஃபூட்டுக்குப் புதிதன்று. சேலம், திருச்சி, தஞ்சை, தென்னார்க்காடு பகுதிகளின் நில அமைப்பைப் பற்றி அவரும் கிங்கும் எழுதிய நூல் 1864இலேயே வெளிவந்துவிட்டது.

சேர்வராயன் மலையில் அவர் கண்டவற்றுள் நம் மனத்தை வெகுநேரம் பிடித்து நிறுத்துவது ஒன்றுண்டு. புதிய கற்கால மக்கள் கடுங்கல்லைச் செதுக்கி, அரைத்து, வழவழப்பாக மெருகேற்றிச் செய்த கோடரிகள் இம்மலையில் கிடைக்கின்றன. மலையாளி மக்கள் (கேரளத்தார் அல்லர், காஞ்சிபுரத்திலிருந்து வந்த உடன்பிறந்தார் மூவர் வெவ்வேறு மலைகளில் குடியேறியதாகத் தம் வரலாற்றைச் சொல்லும் பழங்குடியினர்) உழும்போதும் தோண்டும்போதும் கிடைத்த அக்கற்களைச் சிறு கோயில்களில் சேர்த்து வைத்து வணங்கி வந்தனர். இடி விழுந்த இடத்தில் கிடைப்பவை என்று உலகின் பல பகுதிகளிலும் நம்பப்பட்ட கற்கள் இவை. ஆய்வாளர்க்கு அவை கருவிகள், ஊரார்க்குச் சாமி. ஃபூட்டின் பெருந்தொகுப்பு 1904இல் சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. அவருடைய விரிவான பட்டியல் அவர் மறைவுக்குப் பின் 1914, 1916 ஆண்டுகளில் அச்சேறியது. எடுத்துச் செல்லப்பட்டதால் கற்கள் காப்பாற்றப்பட்டன என்பது மெய். எடுத்தவர்க்குத் தெரிந்த பொருள் ஒன்று, வைத்திருந்தவர்க்குத் தெரிந்த பொருள் வேறொன்று என்பதும் மெய். பழமொழியைத் தொகுத்த மாமனாருக்கும் கல்லைத் தொகுத்த மருமகனுக்கும் இங்கே ஓர் ஒற்றுமை தெரிகிறது. இருவரும் இம்மண்ணின் எளியோர் கையிலிருந்த பொருளை எண்ணிட்டுப் பேரேட்டில் ஏற்றினர். தந்தவர் பெயர் பேரேட்டில் இல்லை. யாழ்ப்பாணத்து மேசையிலும் இதுவேதான் நிகழ்ந்தது; ஆனால் அங்கே எதிரே அமர்ந்திருந்தவர் நாவலர் என்பதால் அவர் தம் பெயரைத் தாமே நிலைநாட்டிக்கொண்டார்.

ஃபூட் 1912 டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் காலமானார். அவருடைய சாம்பல் ஏற்காட்டுத் தூய திரித்துவ ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

எனவே ஏற்காடு செல்லும் அன்பர்க்கு, குறிப்பாக மாணவரோடு செல்லும் ஆசிரியர்க்கு, நாம் கூற விரும்பும் நிரல் இதுவே. காலையில் முதலில் ஏரிக்கரை. பனி விலகுமுன் அங்கே நடப்பது இன்பம். படகு வேண்டாம் என்று நாம் சொல்ல மாட்டோம், சொன்னால் மாணவர் கேட்கவும் மாட்டார். பிறகு திரித்துவ ஆலயம். வழிபாட்டு நேரத்தைத் தவிர்த்து, அங்குள்ளோரிடம் அனுமதி பெற்றுச் செல்க. கூச்சலின்றி நிற்கவும், பெர்சிவல், நாவலர், தாமோதரம்பிள்ளை, ஃபூட் என்னும் நால்வரையும் ஒரே சரட்டில் கோத்துச் சொல்லவும் அரைமணி நேரம் போதும். அதன்பின் சேர்வராயன் கோயில். குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கும் அவ்விடத்தில் தலை தாழ்த்தியே நுழைய வேண்டும். மே மாதத் திருவிழாவில் மலையாளி மக்கள் திரளாகக் கூடுவர். கல்லைச் சாமியாகக் கண்டவர்களின் கதையைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. தாவரங்களில் ஆர்வமுடையோர்க்கு இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. நமக்கு அத்துறையில் பயிற்சி இல்லாமையால் விரைந்து கடந்துவிடுவது வழக்கம்.

மாலையில் சீமாட்டி இருக்கைக்கு வந்து சேர்ந்தால் கீழே சேலம் நகரத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாய் ஏற்றப்படுவதைக் காணலாம். சென்ற முறை அங்கே நின்றபோது மாணவி ஒருத்தி, "நாவலர் இங்கே வந்திருக்கிறாரா ஐயா?" என்று கேட்டாள். நாவலர் 1879இலேயே மறைந்துவிட்டார் என்றும், அவர் ஏற்காடு வந்ததாக நாம் எங்கும் படித்ததில்லை என்றும் கூறினோம். "அப்படியானால் கடைசியில் இவரிடம் தமிழ் பேச யார் இருந்தார்கள்?" என்றாள் அவள். பேருந்து ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்திக்கொண்டிருந்தார். விடையைக் கீழே இறங்கும்போது தேடிக்கொள்ளலாம் என்று அனைவரையும் ஏற்றினோம்.