பட்டை அணிந்தவருக்கே காற்றுப்பை

புதிய கார் வாங்குவோர் இன்று தவறாமல் கேட்கும் கேள்வி, 'எத்தனை ஏர்பேக்?' என்பதுதான். இரண்டைவிட ஆறு மேல் என்பதில் ஐயமில்லை. ஆனால், அதே காரில் சீட் பெல்ட் எச்சரிக்கை ஒலியை அடக்குவதற்கென்றே ஒரு கொக்கியை வாங்கிச் செருகிக்கொள்வோரையும் காண்கிறேன். அத்தகைய கொக்கிகளின் விற்பனையை நிறுத்துமாறு இணைய வணிக நிறுவனங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் உத்தரவிட வேண்டியிருந்தது.

ஸ்டியரிங் சக்கரத்தின் நடுவே 'எஸ்ஆர்எஸ்' என்று பொறிக்கப்பட்டிருப்பதன் பொருள், 'துணைக் கட்டுப்பாட்டு அமைப்பு' என்பதாகும். முதன்மைக் காப்பு, இருக்கைப் பட்டைதான்.

மோதலை உணரிகள் கண்டறிந்ததும் வேதிப்பொருள் எரிந்து வாயு உண்டாகிறது. விநாடியில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு நேரத்தில், மணிக்கு 300 கி.மீ. வரையிலான வேகத்தில் காற்றுப்பை விரிகிறது. விரிந்த உடனேயே, துளைகள் வழியே வாயுவை வெளியேற்றிச் சுருங்கத் தொடங்குகிறது. அந்தச் சுருக்கத்தில்தான் உடலின் வேகம் தணிகிறது. ஆக, விரிந்து முடித்த பையில் உடல் சாய வேண்டும். விரிந்துகொண்டிருக்கும் பையில் அல்ல. அந்த இடைவெளியைக் காப்பது பட்டை. மோதிய கணத்தில் அதன் தளர்வை ஒரு விசை சுண்டி இழுக்கிறது. மார்பில் அழுத்தம் மிகும்போது பட்டை சற்றே இளகியும் கொடுக்கிறது.

பட்டை அணியாதவரோ, பிரேக் அழுத்தப்படும்போதே முன்னோக்கிச் சரிந்துவிடுகிறார். மெத்தையாக வேண்டிய பை, அவரது முகத்தில் அறைகிறது. கார் உருண்டாலோ, இரண்டாவது முறை மோதினாலோ, ஒருமுறை மட்டுமே விரியும் பையால் பயனில்லை. அப்போதும் பிடித்திருப்பது பட்டை ஒன்றே.

முன்னிருக்கையில் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளும் நம் வழக்கம்தான் என்னை மிகவும் அச்சுறுத்துகிறது. சீறி விரியும் பைக்கும் தாயின் உடலுக்கும் நடுவே இருப்பது அந்தக் குழந்தை!

2022 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே நேர்ந்த விபத்தில், தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி உள்பட பின்னிருக்கையில் இருந்த இருவரும் உயிரிழந்தனர். அவர்கள் பட்டை அணிந்திருக்கவில்லை எனக் காவல் துறை தெரிவித்தது. பின்னிருக்கைப் பயணிகளும் பட்டை அணிய வேண்டும் என்கிறது விதி; மீறினால் ரூ.1,000 அபராதம். ஆயினும், வாடகைக் கார்கள் பலவற்றில் அந்தப் பட்டையின் பூட்டு, இருக்கை உறைக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. எடுத்துத் தருமாறு கேட்டால், 'பின்னாடி தேவையில்லை சார்' என்பதே பெரும்பாலும் எனக்குக் கிடைக்கும் பதில்.