பதின்மூன்று ஊர், ஒரே பத்திரம்

நகராட்சியில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவன் நான். கேட்பு, வசூல், நிலுவைப் பதிவேட்டில் நிலுவைக் கட்டம் மட்டும் வருஷா வருஷம் தடித்துக்கொண்டே போகும். அந்த ஏட்டைப் பார்த்து எவன் கடன் தருவான்?

பெரிய ஊர்களுக்கு வழி பிறந்துவிட்டது. 1998இல் அகமதாபாத் அரசு உத்தரவாதம் இல்லாமலே 100 கோடிக்குக் கடன் பத்திரம் வெளியிட்டது. 2001இல் மதுரை உள்வட்டச் சாலைக்காக 12.25 சதவீத வட்டியில் 30 கோடி திரட்டியது. எங்களுக்கு வேண்டியதோ ஒன்றிரண்டு கோடிதான். அதற்குத் தரச்சான்று, வக்கீல், டிரஸ்டி என்று போனால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

2002இல் தமிழக அரசு குடிநீர், சுகாதாரத்துக்கென்று கூட்டு நிதி அறக்கட்டளை ஒன்றைப் பதிவு செய்தது. எங்களுடையது உட்பட 13 உள்ளாட்சிகளின் கடனை ஒரே மூட்டையாகக் கட்டி 30.41 கோடிக்குப் பத்திரம்: 15 வருஷம், வட்டி 9.20 சதவீதம். இந்தப் பணத்தில் புதுக் குழாய் வருமென்று கவுன்சிலர்கள் காத்திருந்தார்கள். பெரும்பாலும் பழைய வேலைகளுக்கு வாங்கியிருந்த அதிக வட்டிக் கடனை மாற்றத்தான் அது போனது. அதுவே எனக்குப் பெரிய நிம்மதி.

பூட்டுக்குமேல் பூட்டு போட்டிருந்தார்கள். மாதாமாதம் எங்கள் வருவாயிலிருந்து தனிக் கணக்கில் பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் மாநில நிதி ஆணையம் வழியாக வரும் மானியத்தில் பிடித்துவிடுவார்கள். அதற்கும் பின்னால் அரசு ஒதுக்கிய காப்பு நிதி. அசலில் பாதிக்கு அமெரிக்க அரசின் உதவி அமைப்பான யுஎஸ்எய்டின் உத்தரவாதம்.

ஒரு புரட்டாசியில் கணக்கில் துண்டு விழுந்தது. பில் கலெக்டரும் நானும் வரி பாக்கி வைத்திருந்த ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போனோம். உரிமையாளர் காபி வரவழைத்தார்.

"சார், புரட்டாசியில எவன் கல்யாணம் வைக்கிறான்? ஐப்பசி முகூர்த்தம் வரட்டும், மொத்தமா தந்துடறேன்."

"அண்ணே, பத்திரத்துக்கு முகூர்த்தம் தெரியாதுண்ணே," என்றார் பில் கலெக்டர்.

பாதிக்குச் செக் கிடைத்தது. மீதியைச் சந்தைக் குத்தகைப் பணத்தில் சரிக்கட்டினோம். மானியத்தில் கைவைத்திருந்தால் துப்புரவுப் பணியாளர் சம்பளம் நின்றிருக்கும்.

இந்த ஏற்பாட்டை நாட்டுக்கே முன்மாதிரி என்றார்கள். 2005இல் கர்நாடகம் பெங்களூரைச் சுற்றிய 8 ஊர்களுக்கு இதே வழியில் 100 கோடி திரட்டியது. நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் முதலீட்டாளர் நம்பியது எங்கள் ஊரை அல்ல, எங்களுக்கு வர வேண்டிய மானியத்தைத்தான். எங்கள் கைக்கு வருமுன்பே அது அடகில் இருந்தது.

2011 அக்டோபரில் 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன. எங்களுடையது அந்த ஒன்பதில் ஒன்று. பத்திரத்துக்கு இன்னும் ஆறேழு வருஷத் தவணை பாக்கி இருந்தது.