'இங்க வருமா?': இரண்டரை மணி நேரமும் ஒரு போன் காலும்

இந்த எபிசோடை ஒரு போன் காலில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

2025 ஜூலை 30, புதன்கிழமை. ரஷ்யாவின் கம்சாட்கா கடலோரத்தில் 8.8 அளவில் நிலநடுக்கம். நம்ம நேரப்படி விடியற்காலை ஐந்து மணி வாக்கில் நடந்தது. நான் எழுந்தபோது போன் முழுக்க அதே வீடியோக்கள். ஜப்பானில் மக்கள் மாடியில் ஏறி நிற்கிறார்கள், ஹவாயில் டிராஃபிக் ஜாம். ஒரு கையில் பிரஷ், ஒரு கையில் போன் என்று ஸ்க்ரோல் பண்ணிக்கொண்டிருந்தேன். அப்போது பெரியம்மா கூப்பிட்டார்.

"தம்பி, டிவியில சுனாமின்னு போடுறான். இங்க வருமாடா?"

நான் சிரித்துவிட்டேன். "பெரிம்மா, அது ரஷ்யா. வேற கடலு. இங்க எப்படி வரும்?"

"சரிப்பா. அன்னைக்கும் யாரும் வரும்னு சொல்லல. அதான் கேட்டேன்." வைத்துவிட்டார்.

நான் சொன்ன பதில் சரிதான். அன்றைக்கு இந்தியாவுக்கு ஆபத்து இல்லை என்று ஹைதராபாத்தில் இருக்கும் எச்சரிக்கை மையமும் சொன்னது. ஆனால் நான் எதையும் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. தூரமாக இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் சொன்னேன். அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஏன் என்று புரிய, அந்த 'அன்னைக்கு'க்குப் போகணும்.

பெரியம்மா இருப்பது பெரிய முதலியார்சாவடி. சென்னையிலிருந்து ஈசிஆரில் வரும்போது மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி, பாண்டிச்சேரி வருவதற்குக் கொஞ்சம் முன்னால், விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கும் ஊர். ஒரு பக்கம் ஆரோவில், இன்னொரு பக்கம் கடல். நீங்கள் வீக்எண்டில் கஃபே தேடி வரும் அதே ரோடுதான்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. பெரியம்மா அடுப்படியில் இருந்தார். காலை ஆறரை மணிக்கு அலமாரியில் பாத்திரம் லேசாகக் குலுங்கியது. எலி என்று நினைத்தாராம். சென்னையிலும் அந்த அதிர்வு தெரிந்தது. அடுக்குமாடி வீடுகளில் இருந்தவர்கள் கீழே இறங்கி வந்து, கொஞ்ச நேரம் பேசிவிட்டு, திரும்ப மேலே போனார்கள். பலர் வழக்கம்போல பீச்சுக்கு வாக்கிங் போனார்கள். பையன்கள் கிரிக்கெட் ஆடப் போனார்கள். பெரியப்பா கரையில் உட்கார்ந்து வலை பழுது பார்க்கப் போனார்.

இப்போ கடிகாரத்தைப் பார்க்கலாம். எல்லாமே இந்திய நேரம்.

காலை 6:29. சுமத்ராவுக்கு மேற்கே கடலுக்கடியில் நிலத்தட்டு உடைகிறது. 9.1 அளவு. ஒரே இடத்தில் உடையவில்லை. சுமத்ராவில் தொடங்கி அந்தமான் வரைக்கும் 1,200 கிலோமீட்டருக்கு மேல், சில நிமிடங்களில் ஜிப் மாதிரி பிரிந்துகொண்டே போகிறது. அரை மணி நேரத்துக்குள் பண்டா ஆச்சே நகரத்துக்குள் கடல் நுழைந்துவிட்டது.

6:44. ஹவாயில் இருக்கும் பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் முதல் அறிக்கை விடுகிறது. 8.0 அளவு நிலநடுக்கம், பசிபிக் கடலுக்கு ஆபத்து இல்லை. இரண்டாவது பாதி உண்மை, அவர்கள் வேலையே பசிபிக்தான். முதல் பாதி தப்பு. அளவில் ஒரு எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும். அப்படியென்றால் 8.0 எங்கே, 9.1 எங்கே!

7:34. அதை 8.5 என்று திருத்துகிறார்கள். மையப்பகுதிக்கு அருகில் சுனாமி வரலாம் என்றும் சேர்க்கிறார்கள். இந்தியப் பெருங்கடலுக்கு என்று ஒரு எச்சரிக்கை அமைப்பு அப்போது கிடையாது. அந்தத் தகவல் வந்து சேர இங்கே ஒரு வாசலே இல்லை.

அதே நேரத்தில் கார் நிக்கோபார் விமானப்படைத் தளம் தண்ணீரில் மூழ்கிக்கொண்டிருந்தது. அங்கிருந்து எட்டு மணிக்கு முன்பே சென்னைக்குத் தகவல் வந்ததாக விமானப்படைத் தளபதியே பிறகு சொன்னார். அதாவது கடல் நம்மை நோக்கி வருகிற பாதையில் இருந்த ஒரு இடம், நம்மிடம் பேசியிருக்கிறது. அந்தப் பேச்சு கரை வரைக்கும் வரவில்லை.

ஒன்பது மணியை ஒட்டி அலை தமிழ்நாட்டுக் கரையை அடைந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல். தமிழ்நாடு முழுக்கச் சுமார் 8,000 பேர். எல்லா நாடுகளையும் சேர்த்தால் இரண்டு லட்சத்தைத் தாண்டும்.

பெரியப்பா ஓடித் தப்பித்தார். வலை, படகு எல்லாம் போனது. "கடல் உள்ள போச்சுடா, அப்புறம் சுவரு மாதிரி எழுந்துச்சு" என்று இவ்வளவுதான் சொல்வார். 'சுனாமி' என்ற வார்த்தையே அவருக்கு மறுநாள்தான் தெரியும்.

கணக்கைக் கவனிச்சீங்களா? 6:29க்கும் ஒன்பதுக்கும் நடுவில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். நான்கு கிலோமீட்டர் ஆழமுள்ள கடலில் சுனாமி மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில் போகும். சுமார் 2,000 கிலோமீட்டர் தூரம் அது வந்தாகணும். ஒரு போன் காலுக்கு அந்தத் தூரம் ஒரு நொடி. நேரம் இருந்தது. தொழில்நுட்பமும் இருந்தது. சுமத்ரா செய்தி நம்மைப் பற்றிய செய்தி என்று யாருக்கும் தோன்றவில்லை.

இது முதல் தடவையும் இல்லை. 121 வருஷம் முன்னாடி போகலாம். 1883 ஆகஸ்ட் 27. ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவில் இருந்த கிரகட்டோவா எரிமலை வெடித்தது. எழுந்த அலைகளும் எரிமலைச் சீற்றமும் சேர்ந்து 36,000 பேருக்கு மேல் கொன்றன. அந்த அலை வங்காள விரிகுடாவுக்கும் வந்தது. எப்படித் தெரியும்? சென்னை, நாகப்பட்டினம் துறைமுகங்களில் பிரிட்டிஷ் அரசு அப்போதே அலைமானிகள் வைத்திருந்தது. உருளையில் சுற்றிய தாளில் கடல் மட்டம் தானாகக் கோடாகப் பதிவாகும். அந்தக் கோடு திடீரென்று மேலும் கீழும் துள்ளியது. இந்தியாவின் அலை அளவீடுகளைக் கவனித்த மேஜர் பேர்ட் அந்தப் பதிவுகளைத் திரட்டினார். அவருடைய அறிக்கை 1884-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் வெளியானது.

இன்னொரு விஷயம். சென்னையையும் பினாங்கையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடலடித் தந்திக் கம்பி 1870களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. ஆக, 1883-லேயே கருவி இருந்தது, கம்பியும் இருந்தது. நம்ம அதிர்ஷ்டம், இங்கே வந்த அலை சின்னது. அது ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையாக முடிந்தது. 'அங்கே ஆடினால் இங்கேயும் வரும்' என்ற பாடம் லண்டன் வரை போனது. நம்ம கரைக்கு வரவில்லை.

இப்போ 2004-க்குத் திரும்பி வரலாம். அன்றைக்குச் செய்தி வந்து சேர்ந்த ஒரு ஊர் இருக்கிறது. பாண்டிச்சேரியைத் தாண்டித் தெற்கே போனால் நல்லவாடு. அதுவும் மீனவ ஊர்தான்.

அந்த ஊர் இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை காலை டிவியிலும் ரேடியோவிலும் ஆச்சே செய்தி ஓடுகிறது. நாமாக இருந்தால் 'ஐயோ பாவம்' என்று சொல்லியிருப்போம். அவர் மனசு நேராக வீட்டுக்குப் போனது. போன் போட்டார். தங்கச்சி எடுத்தார். அங்கே என்ன நிலவரம் என்று கேட்டால், வீட்டுக்குள் கடல் தண்ணி கசிந்து வருகிறது என்கிறார். உடனே வெளியே ஓடு, எல்லாருக்கும் கத்திச் சொல்லு என்றார் அண்ணன்.

அந்த ஊரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த கிராமத் தகவல் மையம் இருந்தது. ஞாயிறு காலை, பூட்டிக் கிடந்தது. ஊர்க்காரர்கள் கதவை உடைத்து உள்ளே போய், ஒலிபெருக்கியில் சொன்னார்கள். வெளிநாட்டில் இருந்த இன்னொரு ஊர்க்காரரும் அதே நேரத்தில் கூப்பிட்டு அதையே சொன்னார். சைரன் ஒலித்தது. ஊர் மொத்தமும் ஓடியது. வீடுகளும் படகுகளும் போயின. சுமார் 3,600 பேர் இருந்த ஊரில் ஒரு உயிர்கூடப் போகவில்லை.

இந்தக் கதையை 'டெக்னாலஜி காப்பாற்றியது' என்று முடித்துவிடலாம். நானும் அப்படித்தான் முடித்திருப்பேன், என் தொழில் அது. ஆனால் அந்த ஒலிபெருக்கி அதுக்கு முன்னாடி என்ன செய்துகொண்டிருந்தது என்று பாருங்க. 1998-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில், கடலோர ஊர்களில் தினமும் அலை உயரம் அறிவிப்பார்கள். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் இருந்து எடுத்து, தமிழில். இன்றைக்கு அலை எவ்வளவு, கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று. அதைக் கேட்டுவிட்டுத்தான் படகு இறக்குவார்கள். தினமும் உண்மை சொன்ன குரல், ஒரு நாள் 'ஓடு' என்று சொன்னது. ஏன், எதுக்கு என்று யாரும் நின்று கேட்கவில்லை.

சாஃப்ட்வேரில் எங்களுக்கு இது நல்லாத் தெரிந்த விஷயம். ஆபத்து நேரத்தில் மட்டும் ஓடணும் என்று எழுதி வைத்த கோடு, அந்த நேரத்தில் ஓடாது. தினமும் ஓடுவதுதான் அன்றைக்கும் ஓடும்.

அதுக்கப்புறம் நாடு கற்றுக்கொண்டது. 2007 அக்டோபரில் ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் தொடங்கியது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா அருகே 8.6 அளவில் நிலநடுக்கம் வந்தபோது பத்து நிமிடத்துக்குள் முதல் அறிக்கை வந்துவிட்டது. மெரினாவைக் காலி செய்தார்கள். நான் அப்போ ஸ்கூலில் இருந்தேன், எங்களை கிரவுண்டில் நிற்க வைத்தார்கள். பெரிய அலை வரவில்லை. தட்டு மேலே தூக்காமல் பக்கவாட்டில் நகர்ந்ததால் கடல் தப்பித்தது. 2023-ல் நம்ம எல்லார் போனும் ஒரே நேரத்தில் அலறியது ஞாபகம் இருக்கா? அந்தச் சோதனை அறிவிப்பும் இந்த வழியில் வந்ததுதான். நான் அதை என்ன செய்தேன்? ஸ்க்ரீன்ஷாட் எடுத்து மீம் போட்டேன்.

2012-ல் ஓடியவர்கள் 'ஒண்ணும் வரலையே' என்று திரும்பி வந்தார்கள். அடுத்த தடவை அவர்கள் ஓடுவார்களா என்பது மையத்தின் கணினியில் முடிவாகாது. சொல்கிற குரலை அவர்கள் நம்புகிறார்களா என்பதில்தான் இருக்கிறது. பெரிய முதலியார்சாவடியில் என் பெரியம்மா நம்பும் குரல் எது என்று யோசித்தேன். டிவியைப் பார்த்துவிட்டு அவர் கூப்பிட்டது என்னைத்தான். நான் சிரித்தேன்.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். மழையில் மரக்காணத்துப் பாத்திகள் எல்லாம் தண்ணீரில் மூழ்கி ஏரி மாதிரி கிடந்தன. பெரியம்மா வீட்டில் அவர் போனை வாங்கி, எமர்ஜென்சி அலர்ட் ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்தேன். ஆஃப் ஆகியிருந்தது. சத்தம் தொல்லையாக இருக்கிறது என்று பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லி நிறுத்தியிருக்கிறார். ஆன் பண்ணினேன். "திரும்பக் கத்துமா?" என்றார். "கத்தினா மேட்டுப் பக்கம் ஓடிடுங்க, அப்புறமா எனக்குப் போன் பண்ணுங்க" என்றேன்.

"நீ முதல்ல போன எடு" என்றார்.

அடுத்த தடவை ஏதோ ஒரு நாட்டில் கடல் பொங்கியதாக வீடியோ வந்தால், பார்த்து முடித்துவிட்டு, நம்ம எச்சரிக்கை மையம் என்ன சொல்லியிருக்கிறது என்று ஒரு நிமிடம் பாருங்க. பிறகு கரையோரம் இருக்கும் யாருக்காவது கூப்பிட்டுச் சொல்லுங்க, 'வராது' என்றாலும்கூட. அடுத்த எபிசோடில் சந்திக்கலாம்.