கொடுமணல்: கல்லும் எழுத்தும்

அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதியில் வாழும் நவஹோ என்னும் பழங்குடியினர்க்குப் பெரோசா எனப்படும் நீலக்கல் வெறும் அணிகலம் அன்று. தம் நாட்டின் நான்கு எல்லைகளிலும் நிற்கும் புனித மலைகளுள் தெற்கு மலையை அக்கல்லோடு சேர்த்தே அவர்கள் போற்றுவர். 1864-இல் அமெரிக்கப் படையினர் அவர்களைச் சொந்த மண்ணிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் நடத்திச் சென்று அடைத்து வைத்தனர். 1868-இல் உடன்படிக்கை செய்துகொண்டு மீண்ட அவர்கள், மெக்சிக்கரிடம் கற்ற வெள்ளி வேலையை வளர்த்து, 1880-ஐ ஒட்டி வெள்ளியில் நீலக்கல் பதிக்கலாயினர். பணமுடை வந்தபோது அந்நகைகளையே வியாபாரியிடம் அடகு வைத்தனர். தோடும் தாலிக்கொடியும் அடகுக்கடைக்குப் போய்வந்த கதையை அறிந்த தோட்டத்துத் தமிழர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இவ்வாறு தன் மண்ணில் விளைந்த கல்லொன்று தமிழனுக்கும் உண்டு. கொங்கு நாட்டில் காங்கேயத்தை அடுத்த படியூரில் கிடைத்த பெரில் என்னும் மணியே அது. நவஹோ மக்களின் கல் செம்பினால் நீலம் பெற்றது. படியூர்க் கல் இரும்பினால் கடல் நிறம் பெற்றது. எந்தக் கிரகமும் அவற்றிற்கு நிறம் கொடுக்கவில்லை. ஆதலின் எந்தக் கிரகத்தின் கோபத்தையும் அவை தணிக்கப் போவதில்லை.

கி.பி. 77-ஐ ஒட்டி எழுதிய ரோம ஆசிரியர் பிளினி, பெரில் இந்தியாவிலேயே விளைவது, பிறவிடங்களில் அரியது என்றும், தூய கடலின் பசுமையை ஒத்ததே உயர்ந்தது என்றும் கூறினார். பளிங்கிற்குச் சாயமேற்றிப் போலிக்கல் செய்யவும் இந்தியர் வல்லவர் என்று சேர்த்துரைத்தார்! ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் நாணயம் இந்தியாவுக்குப் போகின்றதே என்று அங்கலாய்த்தவரும் அவரே. வெள்ளலூரிலும் கரூரிலும் கிடைத்த ரோமக் காசுகள் அவ்வாணிகத்திற்குச் சான்று. பெரில் என்ற சொல்லும் பிராகிருதத்தின் வேளுரிய என்பதிலிருந்து கிரேக்கம் சென்றதாம். மூக்குக்கண்ணாடியைக் குறிக்கும் ஜெர்மானியச் சொல்லும் அதன் வழியிற் பிறந்ததே.

இம்மணிகளைச் செய்தவர் யார்? பதிற்றுப்பத்து கொடுமணம் என்னும் ஊரை அணிகலத் தொழிலோடு சேர்த்துச் சொல்லும். ஈரோடு மாவட்டத்தில் நொய்யலாற்றின் வடகரையிலுள்ள கொடுமணலே அவ்வூர் என்பர் அறிஞர். 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும், பின்னர்ப் பிறரும் அங்கே அகழ்ந்தனர். பச்சைக் கற்கட்டிகள், பாதி உருண்ட மணிகள், துளையிடாத மணிகள், உடைந்த சில்லுகள் எல்லாம் அங்கே கிடைத்தன. ஆகவே அது மணி விற்ற சந்தை மட்டுமன்று; மணி செய்த பட்டறை. கல்லைக் கொத்தி, உருட்டித் தேய்த்து, மெருகேற்றி, உளுந்தளவு மணியில் நூல் நுழையத் துளையிடுதல் கண்ணையும் முதுகையும் வாங்கும் வேலை. இரும்பு உருக்கிய உலைகளும் அவ்வூரிலேயே இருந்தன.

நிற்க. அவ்வூர் மண்ணில் கற்களோடு வேறொன்றும் கிடைத்தது. நூற்றுக்கணக்கான பானையோடுகளில் தமிழி எழுத்தாற் பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன. கண்ணன் ஆதன் என்றொருவன். விஸாகி என்றொரு பெயர். பெயர் பொறித்தோர் அனைவரும் மணி துளைத்தவரே எனச் சொல்லத் துணியேன். எனினும் அரண்மனையோ பெருங்கோயிலோ இல்லாத ஒரு தொழிலூரில், கூழ்ப்பானையிலும் எழுத்து இருந்தது என்பது உறுதி. எழுத்து ஒரு சாராருக்கு, உழைப்பு மற்றொரு சாராருக்கு என்று பிற்காலத்தார் வகுத்த முறையைத் தமிழரின் தொன்மை வழக்கென்று இனி எவரும் சாதிக்க முடியுமா?

1819-20-இல் ஆங்கிலேயர் ஒருவர் படியூர்ச் சுரங்கத்தைத் தோண்டி 2,196 கற்கள் எடுத்தார். மதிப்பு 1,201 பவுன். கல்லுக்கு எண் உண்டு, விலை உண்டு. தோண்டியவர் பெயரை நாம் அறியோம். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய கண்ணன் ஆதனை அறிவோம். இருநூறு ஆண்டுக்கு முந்திய கூலியாளை அறியோம்.

நம் கதையும் அதுவேயன்றோ? கோப்பெங்கின் ஈயமும் இச்சுற்றுவட்டாரத்து ரப்பரும் கப்பலேறின. எத்தனை பிக்கல் ஈயம், எத்தனை இராத்தல் பால் என்பதற்குப் பேரேடு இருந்தது. வெட்டியவரும் மரம் சீவியவரும் சம்பள நாளிற் பெருவிரல் ரேகை வைத்துப் போயினர். பேரேடு எழுதும் கிராணித் தொழிலில் இருப்பவன் நான். ஏட்டில் ஏறாதது எவ்வளவு விரைவில் மறைந்துவிடும் என்பதை அறிவேன்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு லயங்கள் இடிபட்டபின் அப்பெயர்கள் முதியோர் நினைவில் மட்டுமே உள்ளன. ஆகவே தோழர்களே, பெண்ணுக்கு எத்தனை பவுன் போடுவது என்று கணக்கிடும் வேளையில் இதனையும் செய்யுங்கள். பாட்டன் பாட்டியின் பெயர், பிறந்த ஊர், கப்பலேறிய ஆண்டு, வேலை செய்த தோட்டம் ஆகியவற்றை அறிந்தவரைக் கேட்டு, பிள்ளைகள் கையாலேயே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதச் செய்யுங்கள். கொடுமணலார் பானையில் எழுதினர். நமக்குக் காகிதம் இருக்கிறது.