கார்பன் தீர்ந்துபோச்சு!

வாலாஜாபேட்டைக்கு சரித்திரத்தில் ஒரு தனி நாற்காலி உண்டு. 1856-ம் வருடம் ஜூலை 1-ம் தேதி, தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்தில் கிளம்பி வந்து மூச்சு வாங்கி நின்றது இந்தப் பக்கம்தான். வாலாஜா ரோடு ஸ்டேஷன். ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைச் சுமக்கிற ஊர். 1866-லேயே நகராட்சி ஆகிவிட்டது. 2019 வரை வேலூர் மாவட்டம், அதற்குப் பிறகு ராணிப்பேட்டை மாவட்டம்.

இதெல்லாம் பொது அறிவுப் புத்தகத்தில் இருக்கும். இல்லாத சரித்திரம் ஒன்று உண்டு. அது பெயர்ப்பலகை மங்கிப்போன, வார்னிஷ் வாசனை அடிக்கிற, வாசலில் செப்புக் கம்பித் துணுக்குகள் சிதறிக் கிடக்கிற சின்னக் கடைகளின் சரித்திரம். ‘இங்கு மோட்டார் காயில் கட்டித் தரப்படும்.’

உள்ளே போனால் பெஞ்ச் மேல் குடலைத் திறந்து போட்ட மாதிரி கிடக்கும்: டிரில்லிங் மெஷின், மார்பிள் கட்டர், ஆங்கிள் கிரைண்டர். (கிரைண்டர் என்றதும் இட்லி மாவை நினைக்காதீர்கள். இது இரும்பை அரைக்கிற கிரைண்டர்.) கையில் பிடித்தால் முழங்கை வரை அதிரும். சத்தத்தில் காது அடைக்கும். ஓடுகிறவரை ராஜா. நின்றால் வெறும் இரண்டு கிலோ பாரம்.

தோல் பெல்ட்டில் இதற்கு என்ன வேலை?

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரம் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையில் பதப்படுத்திய தோலை அப்படியே கப்பலேற்றிக்கொண்டிருந்தது. 1972-ல் சீதாராமையா கமிட்டி வந்தது. பாதி பதப்படுத்திய தோலை ஏன் விற்கிறீர்கள், ஷூவாகவே விற்றால் நாலு காசு கூட வருமே என்றது. அடுத்த வருடமே மத்திய அரசு பாதி பதப்படுத்திய தோலின் ஏற்றுமதிக்குக் கடிவாளம் போட்டது. வேறு வழியில்லாமல் தொட்டியும் பட்டையும் இருந்த இடத்துக்கு மெஷின்கள் வந்தன. மெஷின் வந்தால் பின்னாலேயே ரிப்பேர் வரும். வந்தது.

தோல் ஊறுகிற ராட்சத மர டிரம்முக்கு ஓட்டை போட டிரில் வேண்டும். ஷூவின் மேல்பாகத்தை பிஸ்கட் மாதிரி வெட்டி எடுக்கிற இரும்பு ‘டை’ மழுங்கினால், தீட்ட கை கிரைண்டர் வேண்டும். இது போதாதென்று 1980-களில் ராணிப்பேட்டையில் ‘பெல்’ தொழிற்சாலை வந்தது. அனல்மின் நிலைய பாய்லருக்குத் துணைக் கருவிகள் செய்கிற ஆலை. அதற்கு வேலை செய்து கொடுக்க சுற்றிலும் வெல்டிங் பட்டறைகள் முளைத்தன. வெல்டிங் என்றாலே, வைத்த பற்றைத் தேய்த்துச் சமன் செய்ய கிரைண்டர். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை தீப்பொறி.

சரி, இந்தக் குட்டி ராட்சசன் எங்கே பிறந்தான்?

முதல் எலெக்ட்ரிக் டிரில்லுக்கு காப்புரிமை வாங்கியவர்கள் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் இருந்த ஆர்தர் ஜேம்ஸ் ஆர்னாட், வில்லியம் பிளான்ச் பிரெய்ன். வருடம் 1889. பாறையைத் துளைக்க, நிலக்கரி தோண்டச் செய்தது. கையில் தூக்குகிற சமாசாரம் இல்லை. தூக்குகிற மாதிரி செய்து காட்டியது ஜெர்மனியின் ஸ்டட்கார்ட்டில் இருந்த ஃபைன் நிறுவனம், 1895-ல். அதையும் தூக்க பயில்வானாக இருக்க வேண்டும்.

திருப்புமுனை அமெரிக்காவில். 1910-ல் பால்டிமோரில் டங்கன் பிளாக், அலோன்சோ டெக்கர் என்று இரண்டு நண்பர்கள் கடை திறந்தார்கள். கோல்ட் கைத்துப்பாக்கியின் பிடியைப் பார்த்து, அதே மாதிரி பிடி, அதே மாதிரி விசை வைத்து டிரில் செய்தால் என்ன என்று தோன்றியது. 1917-ல் காப்புரிமை கிடைத்தது. இன்றைக்கு உங்கள் வீட்டுச் சுவரில் கடிகாரம் மாட்ட வருகிறவர் கையில் இருப்பது அந்தத் துப்பாக்கியின் பேரன்தான். ஆங்கிள் கிரைண்டர் இன்னும் இளையவன். 1954-ல் ஜெர்மனியின் ஃப்ளெக்ஸ் நிறுவனம் கொண்டு வந்தது. இன்றும் ஜெர்மனியில் கிரைண்டரால் அறுப்பதற்கு வினைச்சொல்லே ‘ஃப்ளெக்ஸன்’தான். நாம் நகலெடுப்பதை ‘ஜெராக்ஸ்’ என்கிற மாதிரி.

இந்தக் கருவிகளின் ரகசியம், ‘யுனிவர்சல் மோட்டார்’. உங்கள் வீட்டு ஃபேனில் இருப்பது இண்டக்ஷன் மோட்டார். சாது. நம் ஊர் 50 சைக்கிள் கரண்டில் அந்த ஜாதி மோட்டார் நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்கு மேல் சுற்றாது. வருஷக்கணக்கில் உழைக்கும். ஆனால் அதே சக்தி வேண்டுமென்றால் பெரிசாக, கனமாக இருக்கும். யுனிவர்சல் மோட்டார் நேர் எதிர். கைக்கு அடக்கம், நிமிடத்துக்கு 20,000, 30,000 சுற்று. அந்த வேகத்துக்கு அது கொடுக்கிற விலைதான் கார்பன் பிரஷ்.

சுற்றுகிற ஆர்மேச்சருக்குக் கரண்ட் போக வேண்டும். சுற்றுகிற பொருளில் ஒயரைக் கட்டினால் முறுக்கிக்கொள்ளும். அதனால் ஓடுகிற செப்பு வளையத்தின் மேல் எதையாவது உரசவிட வேண்டும். ஆரம்பத்தில் செப்புக் கம்பிகளைக் கட்டாகக் கட்டி, நிஜமாகவே பிரஷ் மாதிரி வைத்தார்கள். பெயர் அப்படி வந்தது. அது வளையத்தைச் சுரண்டித் தின்றது. 1885-ல் ஜார்ஜ் ஃபோர்ப்ஸ் என்ற பிரிட்டன் விஞ்ஞானி, கரித்துண்டை வைத்துப் பார்க்கலாம் என்றார். 1888-ல் வான் டெபோல் அமெரிக்க டிராம் வண்டிகளில் அதை ஓட்டியே காட்டினார். கரி கரண்டையும் கடத்தும், வழவழவென்று வழுக்கவும் செய்யும். வளையத்தைக் காப்பாற்றி, தான் தேய்ந்து கரையும். மெழுகுவர்த்தி என்று சும்மாவா உதாரணம் சொல்கிறோம்?

ஆக, இந்த மெஷினில் ஒரு பாகம் தேய்வதற்கென்றே வைக்கப்பட்டிருக்கிறது. பல மரணங்கள் இதை மறந்ததால் வருபவை. கரி தீர்ந்தால் தீப்பொறி அதிகமாகும், வேகம் குறையும், கருகல் வாசனை வரும். நல்ல பிரஷ்ஷில், கட்டை குட்டையானதும் உள்ளிருந்து ஒரு குச்சி நீட்டி கரண்டைத் துண்டித்துவிடும். மெஷின் நின்றுபோகும். உடனே ‘செத்துப்போச்சு’ என்று தூக்கி எறிகிறவர்கள் உண்டு. சாகவில்லை ஐயா, கார்பன் தீர்ந்துபோச்சு. அவ்வளவுதான். இரண்டு மூன்று டீ குடிக்கிற காசில் உயிர் வந்துவிடும். மலிவு பிரஷ்ஷில் அந்தக் குச்சி கிடையாது. கரி தீர்ந்த பின் ஸ்பிரிங்கே வளையத்தில் உரசும். டீ காசில் முடிய வேண்டியது ஆர்மேச்சர் செலவில் போய் நிற்கும்.

மற்ற வியாதிகளும் உண்டு. இரும்புத் தூள் உள்ளே புகுந்து காயிலின் மேல்பூச்சைச் சுரண்டும். பேரிங்கில் தூசி சேர்ந்து ஊளையிடும். கிரீஸ் வற்றி பல் சக்கரம் மொட்டையாகும். சீக்கிரம் அறுக்க வேண்டுமென்று மெஷினை அழுத்துவார்கள். வேகம் குறையும். உள்ளே இருக்கிற விசிறியும் அதே தண்டில்தான் இருக்கிறது, அதுவும் மெதுவாகும். சூடு ஏறும், காற்று குறையும். காயில் கருகும். கை கொடுக்கிற அழுத்தம்தான் எமன்.

மிக்ஸி கதை தெரியுமோ? மிக்ஸிக்குள் இருப்பதும் இதே மோட்டார்தான். 1960-களின் தொடக்கத்தில் மும்பையில் மாதுரி மாத்தூர் என்ற குடும்பத் தலைவியின் ஜெர்மன் மிக்ஸி நின்றுபோனது. பழரசத்துக்குச் செய்தது, நம் ஊர் மசாலாவுக்கு எம்மாத்திரம்? சரிசெய்து கொடுக்க இந்தியாவில் சர்வீஸ் கிடையாது. கணவர் சத்யபிரகாஷ் மாத்தூர் சீமென்ஸில் இன்ஜினீயர். நீங்களே ஒன்று செய்யுங்களேன் என்றார் மாதுரி. அப்படிப் பிறந்ததுதான் ‘சுமீத்’. ஒரு ரிப்பேர் முடியாமல் போனதால் ஒரு தொழிலே உருவானது.

அந்தக் காலமே அப்படித்தான். வெளிநாட்டு மெஷின் வாங்க லைசென்ஸ் வேண்டும், அந்நியச் செலாவணி வேண்டும். உள்ளூரில் ரேலிவுல்ஃப் மாதிரி சில பெயர்கள்தான். அலுமினிய உடம்பு, கல்லு மாதிரி கனம். வாங்கினால் தாத்தா காலத்திலிருந்து பேரன் காலம் வரை ஓட வேண்டும். எனவே ரிப்பேர் ஒரு கலையாக வளர்ந்தது. கருகிய கம்பியைப் பிரித்து, சுற்றை எண்ணி, அதே கனத்தில் புதுக் கம்பி சுற்றி, வார்னிஷில் முக்கி, சூட்டில் காயவைத்து, வளையத்தை லேத்தில் கடைந்து, இடையில் இருக்கும் மைக்காவை ஹாக்ஸா பிளேடால் கீறிவிட்டு... பள்ளிக்கூடத்தில் படிக்காதவர்கள் விரல் நுனியில் வைத்திருந்த வித்தை அது.

2001 ஏப்ரல் 1-ம் தேதியோடு, மிச்சமிருந்த இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகளில் பெரும்பாலானவை விலகின. சீனத்து மெஷின் அட்டைப்பெட்டியில் வந்து இறங்கியது. ஆர்மேச்சர் கட்டுகிற கூலியும் புது மெஷின் விலையும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நின்றன. கட்டுவானேன்? ரெடிமேட் ஆர்மேச்சர் வாங்கி மாட்டிவிடலாம். காயில் கட்டுகிற கை மெல்ல பாகம் மாற்றுகிற கையானது.

இங்கேதான் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். கைக்கருவிகளில் பெரும்பாலானவற்றுக்கு இப்போது எர்த் கிடையாது. பிளக்கில் இரண்டே முள். காரணம், உள்ளே இரட்டை இன்சுலேஷன். ஆர்மேச்சர் தண்டுக்கும் காயிலுக்கும் நடுவே ஓர் உறை இருக்கும். காயில் கருகினாலும் கரண்ட் தண்டு வழியாக வெளி உலோகத்துக்கு வராது. காசை மிச்சம் பிடிக்க அந்த உறை இல்லாத டூப்ளிகேட் ஆர்மேச்சரை மாட்டினால்? மெஷின் ஜம்மென்று ஓடும். வித்தியாசமே தெரியாது. உப்புத் தண்ணீர் ஓடுகிற தோல் ஷெட் தரையில், ஈரக் காலோடு ஒருவர் அதைப் பிடிக்கிற நாள் வரை தெரியாது.

இன்னொரு ‘ரிப்பேர்’ இன்னும் மோசம். நாலு அங்குல கிரைண்டரின் கார்டைக் கழற்றி வீசிவிட்டு ஏழு அங்குல வீலை மாட்டுவது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாதாரண வீலின் விளிம்பு தாங்குகிற வேகம் விநாடிக்கு 80 மீட்டர். அதனால்தான் 180 மில்லிமீட்டர் வீலில் 8,500 சுற்று என்று அச்சடித்திருப்பார்கள். சின்ன கிரைண்டர் சுற்றுவதோ சுமார் 11,000. அதில் பெரிய வீலை மாட்டினால் விளிம்பின் வேகம் விநாடிக்கு 100 மீட்டரைத் தாண்டும். மணிக்கு 370 கிலோமீட்டர். அந்த வேகத்தில் வீல் வெடித்தால் சில்லு பறந்து வருகிற திசையில் ஒரு முகம் இருக்கிறது. கார்டும் இல்லை.

மெக்கானிக்கே இல்லாத இடத்தில் டிரில் மக்கர் செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் சரித்திரத்தில் சாட்சி உண்டு. 1971, அப்போலோ-15. பிளாக் அண்ட் டெக்கர் செய்த பேட்டரி மோட்டார் பொருத்திய டிரில்லோடு நிலவில் இறங்கினார் டேவிட் ஸ்காட். சுமார் மூன்று மீட்டர் துளைக்கத் திட்டம். பாதியிலேயே முறைத்துக்கொண்டு நின்றது. மோட்டார் மேல் குற்றமில்லை. துளைக்கிற தண்டின் இணைப்புகளில் தூளை மேலே தள்ளுகிற வரிப்பள்ளம் தடைபட்டிருந்தது. மண் வெளியேற வழியின்றி இறுக்கிக்கொண்டது. மண் மாதிரி எடுக்க இறக்கிய தண்டும் சிக்கிக்கொள்ள, ஸ்காட்டும் ஜிம் இர்வினும் தோள் கொடுத்துத் தூக்கித்தான் பிடுங்கினார்கள். பூமியில் தண்டைத் திருத்தினார்கள். 1972-ல் அப்போலோ-16-ல் டிரில் சமர்த்தாக இறங்கியது. நிலவுக்குப் போனாலும் பட்டறைப் பாடம் ஒன்றுதான்: தூள் வெளியே போகணும். ஏன் நின்றது என்று ஒருத்தர் பிரித்துப் பார்க்கணும்.

பிரிக்க விடுவார்களா என்பதுதான் இப்போதைய கேள்வி. புது மெஷின்களில் கார்பனே இல்லை. ‘பிரஷ்லெஸ்’. வேலையை எலெக்ட்ரானிக் போர்டு பார்த்துக்கொள்ளும். கூடவே லித்தியம் பேட்டரி. தேய்மானம் குறைவு, ஒயர் தொல்லை இல்லை. நல்ல சரக்குதான், சந்தேகமே வேண்டாம். ஆனால் போர்டு போனால் வார்னிஷும் செப்புக் கம்பியும் உதவாது. அந்தக் கம்பெனி போர்டு வேண்டும். பேட்டரியும் ஒரு கம்பெனியுடையது இன்னொன்றில் பொருந்தாது.

மத்திய அரசின் நுகர்வோர் துறை 2022 ஜூலையில் ‘பழுது நீக்கும் உரிமை’க்காக ஒரு குழு அமைத்தது. அதே டிசம்பரில் அதற்கென இணையதளமும் திறந்தது. விவசாயக் கருவிகள், மொபைல்-எலெக்ட்ரானிக்ஸ், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகள். கிரைண்டருக்கும் டிரில்லுக்கும் அதில் தனி நாற்காலி போடவில்லை. டிராக்டர்காரருக்கும் செல்போன்காரருக்கும் உள்ள உரிமை, மாசக் கடைசியில் மெஷின் நின்றால் கூலியும் நிற்கிற வெல்டருக்கு வேண்டாமா? பாகம் கிடைக்க வேண்டும், சரியான பாகமாகக் கிடைக்க வேண்டும், படம் போட்ட விளக்கக் காகிதம் கடைக்காரர் கைக்குப் போக வேண்டும். கேட்பது அவ்வளவுதான்.

அதுவரை நம் பங்குக்கு ஒரு சின்ன வேலை இருக்கிறது. வீட்டு மிக்ஸியோ, மாடிப்படிக்கு அடியில் தூங்குகிற டிரில்லோ, திடீரென்று நின்றுவிட்டால் பழைய சாமான்காரரைக் கூப்பிடாதீர்கள். முதலில் காயில் கடைக்கு எடுத்துப் போங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பக்கவாட்டு மூடியைத் திருகி, சுண்டு விரல் நக அளவு கரித்துண்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பத்துக்கு நாலு தடவையாவது அந்த வார்த்தை காதில் விழலாம்.

‘‘மெஷின் நல்லாத்தான் இருக்குங்க. கார்பன்தான் தீர்ந்துபோச்சு!’’