பச்சை குத்த வந்தவர்களும் பச்சை குத்தப் போகிறவர்களும்



இந்த நினைவுச் சொற்பொழிவை ஓர் அரசுப் பட்டியலிலிருந்து தொடங்குகிறோம். தமிழ்நாடு அரசின் சீர்மரபினர் பட்டியலில் 68 சமூகங்கள் உள்ளன. அவற்றில் ஒன்றின் பெயர் 'கந்தர்வக்கோட்டைக் குறவர்'. நாம் கூடியிருக்கும் ஊரின் பெயர் அது. பக்கத்து ஆதனக்கோட்டையின் பெயர் முந்திரியோடு சேர்ந்து ஊருக்குப் பெருமை தருகிறது. நம் ஊர்ப்பெயர் குறவர் மக்களோடு சேர்ந்தது அப்படியல்ல. குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டுப் பின்னர் விடுவிக்கப்பட்டவர்களின் பட்டியல் அது. ஊர்ப்பெயர் அவர்கள் விரும்பிக் குத்திக்கொண்ட பச்சை அல்ல, அதிகாரம் அவர்கள்மேல் குத்திய பச்சை.

இன்னொரு காட்சியையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இன்று நம் தெருப் பிள்ளைகள் பச்சை குத்திக்கொள்ளத் திருச்சிக்குப் போகிறார்கள், சென்னைக்குப் போகிறார்கள். நல்ல கைக்காரர் எங்கே இருக்கிறார் என்று விசாரித்து, பணம் சேர்த்து, முன்பதிவு செய்து போகிறார்கள். திரும்பி வரும்போது புஜத்தில் அண்ணல் அம்பேத்கரின் முகமோ 'ஜெய் பீம்' என்ற எழுத்தோ இருக்கிறது. ஆனால் அவர்களுடைய பாட்டிமார் தம் கையில் உள்ள பச்சைக்காக எங்கும் போகவில்லை. வேலை தெரிந்தவர் அவர்களைத் தேடி நடந்து வந்தார். இந்த இரண்டு பயணங்களுக்கும் இடையில் என்ன நடந்தது என்பதுதான் இன்றைய உரையின் கேள்வி.

நடந்து வந்தவர்

கந்தர்வக்கோட்டையைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில் முன்கையில் பச்சை உள்ள மூத்த பெண்களை நாங்கள் சந்தித்தோம். புள்ளிக்கோலம், தேள், தாமரை, பெயரின் முதலெழுத்து எனப் பலவும் அந்தக் கைகளில் இருந்தன. தோல் சுருங்கி, பச்சை நீலமாகி, கோடுகள் பரவியிருந்தன. அறுவடை முடிந்த பருவத்தில், கையில் நெல் இருக்கும் நாளில், குறவர் சமூகப் பெண்கள் தெருவுக்குள் கூவி வருவார்களாம். மரத்தடியில் உட்கார்ந்து, ஒன்றாகக் கட்டிய ஊசிகளை மையில் தொட்டுக் குத்துவார்கள். வலி தெரியாமலிருக்கப் பாட்டுப் பாடுவார்கள். முடிந்ததும் மஞ்சள் தடவுவார்கள். கூலி நெல்லாகவோ பழைய சேலையாகவோ இருக்கும்.

ஒரு மூதாட்டியிடம் கேட்டோம்: "ஆத்தா, ஒங்களுக்குக் குத்துனவங்க பேரு என்ன?" அவர் சிரித்தார். "பேரா? பச்ச குத்துறவன்னுதான் சொல்லுவோம். பேரு யாரு கேட்டா?"

அந்தச் சிரிப்பை எங்களால் எளிதில் கடந்துவிட முடியவில்லை. மேலும் கேட்டோம். குத்த வந்தவர் வீட்டுக்குள் வந்தாரா? இல்லை. தண்ணீர் எதில் கொடுத்தீர்கள்? பதில் வரச் சற்று நேரமானது. ஊர் நமக்குத் தனிக்குவளை வைத்தது, நாமோ நம் தெருவுக்கு வந்தவரை மரத்தடியோடு நிறுத்தினோம். தலித் இலக்கிய மேடையில் இதைச் சொல்லாமல் விட்டால் இந்த உரைக்குப் பொருளில்லை.

ஏட்டில் மை உண்டு, பெயர் இல்லை

சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' நூலில் 'பச்சைகுத்தி' என்றே ஒரு பதிவு உண்டு. நாடெங்கும் சுற்றிப் பச்சை குத்துவதைத் தொழிலாகக் கொண்ட குறவர்களின் பெயர் என்று அது விளக்குகிறது. மை செய்யும் முறையையும் அவர் விரிவாக எழுதியிருக்கிறார். மஞ்சள் தூளையும் அகத்தி இலையையும் சேர்த்து அரைத்து, மெல்லிய துணியில் பரப்பித் திரியாகச் சுருட்டி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் ஏற்றுவார்கள். மேலே புதுப்பானையைக் கவிழ்த்து, அதன் உள்பக்கம் படியும் கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைப்பார்கள். இது கைவினை அறிவு, மருத்துவ அறிவு. எவ்வளவு ஆழம் குத்தினால் நிறம் நிற்கும், எதைப் போட்டால் புண் ஆறும் என்பதைத் தாயிடமிருந்து மகள் கற்றுக்கொண்ட கல்வி. அந்த விவரிப்பில் திரியும் பானையும் இருக்கின்றன. செய்து காட்டியவரின் பெயர் இல்லை. நம் மூதாட்டி கேட்காத பெயரை அருங்காட்சியகமும் கேட்கவில்லை.

பச்சையை எல்லாச் சாதிப் பெண்களும் குத்திக்கொண்டார்கள். ஆகவே அதை முழுக்க எதிர்ப்பின் சின்னம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நம் பெண்களுக்கு அதில் தனியான பொருளும் இருந்தது. 1930 டிசம்பரில் பக்கத்து ராமநாதபுரத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். பொன், வெள்ளி நகை அணியக் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது. ஆண்கள் செருப்பு அணியவோ குடை பிடிக்கவோ கூடாது. அடுத்த ஆண்டு தடைகள் பதினொன்றாயின. நகையைப் பறிக்கலாம், ரவிக்கையைக் கிழிக்கலாம். தோலுக்குள் இருக்கும் கோலத்தை என்ன செய்வது? "நகைய அடகு வைக்கலாம், பச்சைய எவன் அடகு புடிப்பான்? சாகையில கூட வாரது இது ஒண்ணுதான்" என்றார் அதே மூதாட்டி. பறிக்க முடியாத அந்த நகையை நமக்குக் கொடுத்தவர், நாம் பெயர் கேட்காத பெண்.

நடையே குற்றமான கதை

குறவர்களின் பிழைப்பு நடையில் இருந்தது. உப்பும் தானியமும் சுமந்து விற்றார்கள், கூடை முடைந்தார்கள், குறி சொன்னார்கள், பச்சை குத்தினார்கள். அரசின் உப்புக் கொள்கையும் ரயில்பாதையும் அவர்களுடைய வாணிபத்தை எப்படி முறித்தன என்பதை மீனா ராதாகிருஷ்ணா தம் ஆய்வு நூலில் காட்டியிருக்கிறார். பிழைப்பைப் பறித்த அரசே பின்னர், 'இவர்கள் ஏன் சுற்றுகிறார்கள்?' என்று கேட்டது. 1871இல் வட இந்தியாவில் தொடங்கிய குற்றப்பரம்பரைச் சட்டம், 1911 திருத்தத்துக்குப் பின் சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. நம் மக்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றார்கள். பதிவு செய்யப்பட்டவர் ரேகை கொடுக்க வேண்டும், இருப்பிடம் சொல்ல வேண்டும், வெளியூர் போவதைத் தெரிவிக்க வேண்டும். தவறினால் தண்டனை. ஊர் ஊராக நடந்தால்தான் சோறு என்ற தொழிலுக்கு இதைவிடக் கொடிய ஊசி வேறில்லை.

இதில் இன்னொரு முரணும் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி அரசே பச்சை குத்தியிருக்கிறது. வங்காளத்தில் 1797ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைப்படி ஆயுள் கைதிகளின் நெற்றியில் பெயரும் குற்றமும் குத்தப்பட்டன. 1849இல்தான் அந்தத் தண்டனை ஒழிந்தது. நெற்றியில் குத்துவதை நிறுத்திய 22 ஆண்டுகளில், முழுச் சமூகங்களுக்கும் பிறப்பிலேயே குற்றமுத்திரை குத்தும் சட்டம் வந்துவிட்டது.

அதே காலத்தில் மேடையில் என்ன நடந்தது? இங்கிருந்து சுமார் 30 கி.மீ. தொலைவிலுள்ள தஞ்சைப் பெரிய கோயிலில், மன்னர் சரபோஜியைத் தலைவனாகக் கொண்ட குறவஞ்சி நாடகம் ஆடப்பட்டது. மலை மலையாக, நாடு நாடாகச் சுற்றிவரும் குறத்தியின் அழகைப் பாடுவது அந்த இலக்கிய வகை. 1944இல் கலாக்ஷேத்ராவில் ருக்மிணி தேவி குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக்கினார். அப்போது குற்றப்பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் உயிரோடுதான் இருந்தது. அது நீங்கியது 1947இல். மேடையில் நடந்த குறத்திக்குக் கைத்தட்டல், சாலையில் நடந்தவருக்குப் பதிவேடு.

சட்டம் போனபின்னும் முத்திரை போகவில்லை. 1993இல் அமிர்தசரசில் சான்சி சமூகத்தைச் சேர்ந்த நான்கு பெண்களின் நெற்றியில் காவல்துறையினர் 'ஜேப்கத்ரி', அதாவது பிக்பாக்கெட் என்று பச்சை குத்தினார்கள். காவலர்களுக்குத் தண்டனை கிடைக்க 2016 ஆனது. அதே 1993இல் விருத்தாசலம் பக்கம் கம்மாபுரத்தில் குறவர் சமூகத்தைச் சேர்ந்த ராசாக்கண்ணு திருட்டுப் பழி சுமத்தப்பட்டுக் காவலில் கொல்லப்பட்டார். அந்த வழக்கைத் தழுவி 2021இல் வந்த 'ஜெய் பீம்' படத்தை நாம் எல்லோரும் கண்ணீரோடு பார்த்தோம். படத்தில் அது இருளர் குடும்பம். குறவர் என்ற பெயர் அங்கேயும் விடுபட்டது.

உலகம் தேடிப் போகும் கை

இப்போது கடல் கடந்து பார்ப்போம். பிலிப்பைன்ஸின் கலிங்கா மாகாணத்தில் புஸ்கலான் என்ற மலையூரில் வாங்-ஓட் என்ற மூதாட்டி இருக்கிறார். எலுமிச்சை இன மரத்து முள்ளைக் கரியும் நீரும் கலந்த மையில் தொட்டு, குச்சியால் தட்டிப் பச்சை குத்துகிறார். இளமையில் அவரும் ஊர் ஊராக நடந்து போய்க் குத்தியவர். இன்று அவரிடம் குத்திக்கொள்ளப் பல நாடுகளிலிருந்தும் மலையேறி வருகிறார்கள். மூன்று புள்ளிகள் அவருடைய கையொப்பம். 2023இல், தம் 106ஆம் வயதில், 'வோக்' இதழின் பிலிப்பைன்ஸ் பதிப்பு அட்டையில் அவர் முகம் வந்தது. முள்ளும் கரியும் நம்மிடமும் இருந்த அறிவுதான். அங்கே கைக்குப் பெயர் கிடைத்தது, பேத்திமுறைப் பெண்கள் தொழிலைக் கற்றார்கள். இங்கே கைக்கு ரேகைதான் எடுக்கப்பட்டது.

இந்தியாவிலும் வழிகள் திறந்திருக்கின்றன. பிகாரின் மிதிலைப் பகுதியில், ஜித்வார்பூரில், துசாத் சமூகத்தைச் சேர்ந்த தலித் பெண்கள் 1970களில் பச்சைக் கோலங்களைக் காகிதத்தில் வரைந்தார்கள். கோத்னா என்ற ஓவிய முறை அப்படிப் பிறந்தது. அதன் முன்னோடியான சானோ தேவியின் பெயர் கலை வரலாற்றில் நிற்கிறது. சத்தீஸ்கரில் கோயிலுக்குள் விடப்படாத தலித் மக்களில் ஒரு பிரிவினர், 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தங்கள் உடல் முழுக்க ராமன் பெயரைக் குத்திக்கொண்டு ராம்நாமிகள் ஆனார்கள். அவர்கள் தேர்ந்த பெயரோடு நமக்கு உடன்பாடில்லாமல் இருக்கலாம். 'உன் கதவு எனக்குத் தேவையில்லை' என்று உடம்பால் சொன்னதை மறுக்க முடியாது. நம் பிள்ளைகளின் புஜத்தில் உள்ள அண்ணலின் முகமும் அந்த வரிசையில் வருவதுதான்.

செய்ய வேண்டியவை

பிள்ளைகள் திருச்சிக்குப் போவதை நாங்கள் குறை சொல்லவில்லை. சுத்தமான ஊசி, புது மை, பாதுகாப்பு எல்லாம் வேண்டியவைதான். ஒரே ஊசியால் பலருக்குக் குத்திய பழக்கத்தை மீட்டெடுக்க யாரும் சொல்லவில்லை. நாங்கள் கேட்பது வரலாற்றில் இடம்.

முதலாவது, பட்டியல் குழப்பத்தைப் புரிந்துகொள்ளுங்கள். குறவர் வேறு, நரிக்குறவர் வேறு. நரிக்குறவரும் குருவிக்காரரும் 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தால் பழங்குடிப் பட்டியலுக்குப் போனார்கள். 'குறவன், சித்தனார்' பட்டியல் சாதிகளில் உள்ளனர். ஊர்ப்பெயர் ஒட்டிய குறவர்கள் சீர்மரபினரில் உள்ளனர். பட்டியல் மூன்றானது நம் ஒற்றுமை மூன்றாகக் காரணம் ஆகக் கூடாது.

இரண்டாவது, மாணவர்கள் தம் வீட்டுப் பாட்டிகளின் கையிலிருந்து ஆய்வைத் தொடங்கலாம். எந்த வடிவம், எந்த வயதில், எந்தப் பாட்டு, என்ன கூலி என்று எழுதுங்கள். படமெடுக்கும் முன் அனுமதி கேளுங்கள். பிறகு குறவர் குடியிருப்புக்குப் போங்கள். இத்தனை காலம் அவர்கள் நம்மைத் தேடி நடந்தார்கள், இனி நாம் நடப்போம். வீட்டுக்குள் அழைத்தால் போய் உட்காருங்கள், கொடுக்கும் தண்ணீரைக் குடியுங்கள். அவர்களுடைய பிள்ளைகளில் எழுதக் கூடியவர் இருந்தால், அந்த வரலாற்றை அவரே எழுதட்டும். அடுத்த ஆண்டு இந்த மேடை அவருடையதாக இருக்கட்டும்.

மூன்றாவது, நம் மூதாட்டியிடம் நாங்கள் கேட்ட கேள்வியை எங்கும் கேளுங்கள். குத்தியவர் பெயர் என்ன? யாருக்காவது ஒரு பெயர் நினைவிருந்தால், அதைத் தேதியோடும் ஊரோடும் எழுதி இந்த அரங்கத்துக்குக் கொடுங்கள். கந்தர்வக்கோட்டையின் பெயர் அரசுப் பட்டியலில் அவர்கள்மேல் குத்தப்பட்டிருக்கிறது. அவர்களுடைய பெயர் கந்தர்வக்கோட்டையின் வரலாற்றில் எழுதப்பட வேண்டும்.

ஜெய் பீம்.