திறக்கப்படாத உறை

குஜிலியம்பாறையில் ஒரு குழந்தைக்குச் சிக்கலான அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால், பயணம் திண்டுக்கல்லோடு முடிவதில்லை. மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போகவேண்டும்; அதற்கும் மேல் என்றால் சென்னை. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டுவிட்டு வெளியே அமர்ந்திருக்கும் பெற்றோருக்கு, உள்ளே தவறு நேர்ந்தால் யார் பதில் சொல்வார் என்பது தெரியாது. தெரிந்துகொள்ள வாய்ப்பும் குறைவு.

2022 நவம்பரில் சென்னை பெரியார் நகர் அரசு மருத்துவமனையில், கால்பந்து வீராங்கனையான 17 வயது மாணவி ஒருவருக்கு மூட்டுத் தசைநாரில் அறுவைச் சிகிச்சை நடந்தது. இறுக்கிய கட்டினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுக் காலை அகற்ற நேர்ந்தது. நவம்பர் 15 அன்று அவர் இறந்தார். இரு மருத்துவர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். குடும்பத்துக்கு அரசு 10 லட்சம் ரூபாய் வழங்கியது.

அடுத்த ஆண்டு, ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் தலையில் நீர் கோத்தலுக்கான அறுவைச் சிகிச்சை பெற்ற ஒன்றரை வயதுக் குழந்தையின் வலக்கை கறுத்து, 2023 ஜூலையில் எழும்பூரில் அகற்றப்பட்டது. மருந்தேற்றிய ஊசியே காரணம் என்றனர் பெற்றோர். துறை அமைத்த மூவர் குழு, கிருமித் தொற்றால் இரத்தம் உறைந்ததே காரணம், கவனக்குறைவு இல்லை என்றது. ஆகஸ்டில் குழந்தை இறந்தது.

முன்னதில் தண்டனை, பின்னதில் விடுவிப்பு. குழுவின் முடிவு மருத்துவ ரீதியில் சரியாகவே இருக்கலாம். அதை மறுக்கும் தகுதி தமிழ் ஆசிரியனான எனக்கில்லை. ஆனால் இரண்டிலும் விசாரித்தது விசாரிக்கப்பட வேண்டிய துறையே என்பதுதான் என் குறை.

இங்கிலாந்திலும் நெடுங்காலம் இப்படித்தான் இருந்தது. பிரிஸ்டல் ராயல் மருத்துவமனையின் குழந்தைகள் இதய அறுவைப் பிரிவில் இறப்புகள் மிகுவதை 1988இல் அங்கு சேர்ந்த மயக்க மருந்து மருத்துவர் ஸ்டீபன் போல்சின் கவனித்தார். 1990இல் நிர்வாகத் தலைவருக்குக் கடிதம் எழுதினார், பயனில்லை. பின்னர் இறப்புகளைத் தாமே கணக்கெடுத்தார். 1992இல் இச்செய்தியை முதலில் அச்சேற்றியது 'பிரைவேட் ஐ' என்ற அங்கத இதழ் என்பது இலக்கிய இதழ் வாசகர்கள் அறியவேண்டியது. 1994இல் போல்சின் தம் கணக்குகளை ஓர் உறையிலிட்டுச் சுகாதாரத் துறை மருத்துவ அதிகாரி ஒருவரிடம் நேரில் தந்தார். அவர் அதைப் படிக்காமலே கோப்பில் வைத்துவிட்டார். 1995 ஜனவரியில், போல்சினின் எதிர்ப்பை மீறி 18 மாதக் குழந்தை ஒன்றுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. குழந்தை பிழைக்கவில்லை.

1998இல் மருத்துவக் கழகம் ஓர் அறுவை மருத்துவரின் பெயரையும் நிர்வாகத் தலைவரின் பெயரையும் பதிவேட்டிலிருந்து நீக்கியது. மற்றொரு மருத்துவர் குழந்தைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்யத் தடை விதித்தது. நம் வழக்கப்படி கதை இங்கே முடிந்திருக்கும். பெற்றோர் விடவில்லை. மருத்துவரல்லாத சட்டப் பேராசிரியர் இயன் கென்னடியின் தலைமையில் பொது விசாரணை நடந்தது. சாட்சிகள் 577 பேர்; அவர்களில் 238 பேர் பெற்றோர். 1991க்கும் 1995க்கும் இடையில், ஒரு வயது நிரம்பாத குழந்தைகளில் எதிர்பார்க்கத்தக்க அளவைவிட 30 முதல் 35 பேர் அதிகமாக இறந்தனர் என்று 2001 ஜூலையில் வெளியான அறிக்கை கூறியது. பழி ஒரு சிலரின் கைகளோடு நிற்கவில்லை. சிகிச்சையின் தரத்தைக் கண்காணிக்கும் பொறுப்பு யாருடையது என்றே தெரியாதிருந்த அரசமைப்பையும் அறிக்கை சுட்டியது. ஏறத்தாழ 200 பரிந்துரைகள். சுகாதார அமைச்சர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

நம்மிடம் நீதிமன்ற வழி உண்டு. 1996இல் எழும்பூர் அரசு மருத்துவமனையில் குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு உரிய காலத்தில் விழித்திரைப் பரிசோதனை செய்யப்படாததால் பார்வை போயிற்று. தமிழக அரசு உள்ளிட்டோர் சுமார் 1.8 கோடி ரூபாய் தரவேண்டுமென 2015இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குள் அக்குழந்தைக்கு வயது 18 ஆகியிருந்தது.

பிரிஸ்டல் விசாரணையில் அந்த உறையைப் பெற்ற அதிகாரியும் சாட்சி சொல்ல வந்தார். ஏன் திறக்கவில்லை என்று அவரைக் கேட்டவர்கள் அவருடைய துறையைச் சேர்ந்தவர்கள் அல்லர்.